எத்தனை கட்டுரைகள் என்பதோடு, என்ன கண்டார் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், உலகின் முதல் 2 சதவீத ஆய்வாளர்கள் பட்டியலில் நம் பகுதி மருத்துவர் ஒருவர் இடம்பெற்ற செய்தி வந்திருந்தது. அவர் எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கை, அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை, அதை வைத்துப் போடும் எச்-இன்டெக்ஸ் என்ற மதிப்பெண், பாராட்டு விழாவில் சால்வை போர்த்தியவர்களின் பெயர்கள் எல்லாம் இருந்தன. இரண்டு முறை படித்தேன். அவர் எந்த நோயை ஆராய்ந்தார், அதில் என்ன கண்டார் என்பது மட்டும் எங்கும் இல்லை. அந்த மருத்துவரை எனக்குப் பழக்கமில்லை. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அந்தச் செய்தி அவருக்கே நியாயம் செய்யவில்லை என்று தோன்றியதால்தான் இந்தக் கடிதம்.

நான் தென் மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து 2012இல் ஓய்வுபெற்றவன். கட்டுரைகளை எண்ணுவதும் மேற்கோள்களைத் தேடிக் கொடுப்பதுமே என் பிழைப்பாக இருந்தது. அந்தக் காலத்தில் கணினி கிடையாது. 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற தடித்த தொகுதிகளைப் புரட்டி, தலைப்பு வாரியாகக் கட்டுரைகளைக் குறித்துக் கொடுப்பேன். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 'கரன்ட் கன்டென்ட்ஸ்' என்று கையடக்கமான வார இதழ் ஒன்று வரும். அந்த வாரத்து ஆய்விதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை அப்படியே அச்சிட்டிருப்பார்கள். கடைசியில் ஆசிரியர்களின் முகவரிகள் இருக்கும். எங்கள் மருத்துவர்கள் தமக்கு வேண்டியதைப் பென்சிலால் வட்டமிட்டுத் தருவார்கள். நான் அஞ்சலட்டையில் 'தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்றை அன்புடன் அனுப்ப வேண்டுகிறோம்' என்று எழுதி வெளிநாட்டுத் தபாலில் சேர்ப்பேன். இரண்டு மாதம் கழித்து பழுப்பு உறையில் பிரதி வரும். பெரிய மனிதர்கள் பலர் முன் அட்டையில் கையெழுத்திட்டே அனுப்புவார்கள்.

அந்த வார இதழை நடத்தியவர் யூஜின் கார்ஃபீல்டு. எந்தக் கட்டுரை எதை மேற்கோள் காட்டுகிறது என்று அட்டவணை போடலாம் என 1955இலேயே 'சயின்ஸ்' இதழில் எழுதி, பிறகு அதைச் செய்தும் காட்டியவர். இன்று எல்லோரும் பேசுகிற மேற்கோள் கணக்கு அவர் தொடங்கியதுதான். ஒவ்வோர் இதழின் முகப்பிலும் அவர் ஒரு கட்டுரை எழுதுவார். 1986 ஏப்ரல் இதழ் ஒன்று எங்கள் மேசைக்கு வந்தபோது, அந்த முகப்புக் கட்டுரையின் தலைப்பில் கல்கத்தா என்ற பெயரைப் பார்த்து நின்றுவிட்டேன். காலரா ஆய்வின் வரைபடத்தையும் அதில் சம்புநாத் தே என்பவரின் இடத்தையும் பற்றி அவர் எழுதியிருந்தார்.

காலரா என்றதும் நான் நின்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1963இல், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, என் தங்கை வாந்திபேதியில் இறந்தாள். அவளுக்கு வயது நான்கு. காலையில் ஆரம்பித்தது, மதியத்துக்குள் கழுநீரைப் போலப் போகத் தொடங்கிவிட்டது. தண்ணீர், தண்ணீர் என்று கேட்டாள். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப்போட வேண்டும் என்று ஊரில் பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அம்மா ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மாட்டு வண்டி பூட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. அம்மா சாகும்வரை அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் பேசினாள்.

எனவே தேயைப் பற்றிய கட்டுரையை அன்று வேலை முடிந்தும் உட்கார்ந்து படித்தேன். அதன் பிறகு அவர் எழுதியவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். நான் மருத்துவன் அல்ல. எங்கள் கல்லூரியின் நோய்க்கூறியல் பேராசிரியர் ஒருவர் பொறுமையாக விளக்கிச் சொன்னார்.

சம்புநாத் தே 1915இல் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்ற கிராமத்தில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனில் நோய்க்கூறியல் பேராசிரியர் ராய் கேமரனிடம் ஆய்வு செய்து 1949இல் முனைவர் பட்டத்துடன் திரும்பினார். ஊருக்கு வந்து எடுத்துக்கொண்டது காலராவை. காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884இல் அதே கல்கத்தாவில் உறுதிசெய்திருந்தார். அந்தக் கிருமி ஏதோ நஞ்சை வெளியிடுகிறது என்று அவர் ஊகித்தார். ஆனால் அந்த நஞ்சைக் காட்ட யாராலும் முடியவில்லை. கிருமியை விலங்குகளின் இரத்தக் குழாயிலும் வயிற்று உறைக்குள்ளும் செலுத்திப் பார்த்தார்கள். கிருமி செத்து உடையும்போது அதன் உடலிலிருந்து வருவதே நஞ்சு என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. எழுபது ஆண்டுகள் இப்படியே போயின.

தே யோசித்தது எளிமையானது. நோய் குடலில் நடக்கிறது. அப்படியானால் குடலில் பார்க்க வேண்டும். முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சில அங்குல நீளத்தை இரண்டு பக்கமும் நூலால் கட்டினார். அந்தக் கட்டுக்குள் காலராக் கிருமியைச் செலுத்தி வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்தால் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்துப் பலூன்போல உப்பியிருந்தது. கிருமி செலுத்தாத துண்டு காலியாகச் சுருங்கிக் கிடந்தது. இது 1953இல், உடன் உழைத்த சட்டர்ஜியோடு சேர்ந்து எழுதியது. 1956இல் அதே முறையால், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை கிருமியையும் சோதித்துக் காட்டினார். பிறகு 1959 மே மாத 'நேச்சர்' இதழில் அவர் ஒருவர் பெயரில் மட்டும் ஒரு கட்டுரை. இம்முறை கிருமிகளை முழுவதுமாக வடிகட்டிவிட்டு, கிருமி வளர்ந்த திரவத்தை மட்டும் குடலுக்குள் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. கிருமி உயிரோடு இருக்கும்போதே வெளியே விடுகிற நஞ்சுதான் உடலின் நீரையெல்லாம் குடலுக்குள் இழுக்கிறது என்று அத்தோடு தெரிந்துவிட்டது. அந்தக் கட்டுரை இரண்டு பக்கத்துக்கு மேல் போகவில்லை. (அதே 1959இல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவும் குழுவினரும் முயல்குட்டிகளை வைத்து இதே உண்மைக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள். அவர்களையும் மறக்கக் கூடாது.)

இந்த இரண்டு பக்கம் வெளிவந்தபோது உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. உரிய கவனம் மிகத் தாமதமாகத்தான் கிடைத்தது. 1969இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிங்கெல்ஸ்டைனும் அவருடன் உழைத்தவரும் அந்த நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகு காலரா நஞ்சைப் பற்றிய கட்டுரைகள் பெருகின. அதற்குள் தே காலரா ஆய்விலிருந்து ஏறக்குறைய ஒதுங்கியிருந்தார். 1973இல் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்றார். 1978இல் ஸ்டாக்ஹோமில் நோபல் அறக்கட்டளையின் காலரா கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்திலேயே இந்தியாவில் நான் இறந்துபோய்விட்டேன், நீங்கள்தான் என்னைத் தோண்டி எடுத்திருக்கிறீர்கள் என்ற பொருளில் அங்கே அவர் பேசினார். நான் அந்த வரியைப் படித்த நாளில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. 1958இல் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க், தேயை அந்தப் பரிசுக்குப் பரிந்துரைத்தவர். ஆனால் நம் நாட்டின் அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை; பெரிய விருது எதுவும் அவர் உயிரோடு இருந்தபோது கொடுக்கப்படவில்லை. 1985 ஏப்ரலில் இறந்தார். கார்ஃபீல்டின் கட்டுரை வந்தது அதற்கு ஓராண்டு கழித்து. பெங்களூரிலிருந்து வரும் 'கரன்ட் சயின்ஸ்' இதழ் 1990இல் அவருக்காகவே ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. அந்த இதழை நான் என் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய கணக்குகளை வைத்து 1961இல் தேயை ஒரு தேர்வுக் குழு மதிப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆய்விதழின் தாக்கக் காரணி என்கிறார்களே, அது முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கு. அதன் சாளரம் இரண்டே ஆண்டுகள். பத்து ஆண்டுக்கும் மேல் கழித்து விளங்கிய உண்மை அந்தச் சாளரத்தில் தெரியாது. எச்-இன்டெக்ஸ், 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. ஒருவர் எழுதியவற்றில் பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்குப் பத்து. மூன்றே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவருக்கு மூன்றுக்கு மேல் கிடைக்காது. கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது. தே எழுதியவை நூற்றுக்கணக்கில் இல்லை. காலராவின் கதையை மாற்றியவை நான் மேலே சொன்ன மூன்று.

மறுபுறமும் இருக்கிறது. வரலாற்றிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது என்று வாசகர்களைக் கேட்டால், ஏதோ உயிர்காக்கும் மருந்தைப் பற்றியது என்பார்கள். அது 1951இல் ஆலிவர் லவுரியும் குழுவினரும் எழுதியது. ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். மிகப் பயனுள்ள முறைதான். ஆய்வகத்தில் அதைக் கையாண்டவர்கள் எல்லோரும் குறிப்பிட்டாக வேண்டும், அதனால் எண்ணிக்கை ஏறியது. இன்னொன்று, 1998இல் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு எழுதியது. தவறு என்று தெளிந்து 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதையும் ஆயிரக்கணக்கானோர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், பெரும்பாலோர் மறுப்பதற்காக. எண்ணிக்கை ஏட்டில் வாழ்த்தும் வசையும் ஒரே ஒன்றாகத்தான் விழும்.

நான் மேற்கோள் கணக்கின் எதிரி அல்ல. என் வாழ்நாள் உழைப்பு அது. தேயின் பெயரை இவ்வளவு தொலைவில் இருந்த எனக்குக் கொண்டுவந்து சேர்த்ததே அந்தக் கணக்குதான். காலராவைப் பற்றிய ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்குள் எது எதைத் தாங்கி நிற்கிறது என்று கார்ஃபீல்டு வரைந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்க் கட்டுரையைப் படித்தார். படித்துவிட்டு அந்த மனிதருடைய வரலாற்றை எழுதினார். அந்த வரிசையைத்தான் நாம் விட்டுவிட்டோம். தாக்கக் காரணி என்ற கணக்கு அணுசக்தியைப் போன்றது, நன்மையும் தீமையும் கலந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

1992இன் கடைசியில் சென்னையில் புதுவகைக் காலராக் கிருமி ஒன்று தோன்றியதை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருக்கலாம். ஓ139 என்று பெயரிட்டார்கள். அது தென்னிந்தியாவிலிருந்து வங்கம் வரை பரவியது. அந்த மாதங்களில் எங்கள் நூலகத்தில் மாலை நேரத்தில் உட்கார இடம் இருக்காது. பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர், 'பழைய காலராவும் இதுவும் ஒரே நஞ்சையா விடுகின்றன, ஆதாரம் வேண்டும்' என்று கேட்டு வந்தார். கீழ்த்தளத்துக் கிடங்கில் இருந்த 1953ஆம் ஆண்டு நோய்க்கூறியல் ஆய்விதழின் பைண்டு தொகுதியைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தொகுதியைக் கழித்துக்கட்டும் பட்டியலில் அதற்கு முந்தைய ஆண்டுதான் சேர்த்திருந்தார்கள். நான்தான் கெஞ்சி நிறுத்தி வைத்திருந்தேன். நாற்பது ஆண்டுக்கு முந்தைய முயல் குடலின் படத்தை அந்த மாணவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புதிய கிருமியும் அதே நஞ்சைத்தான் விட்டது.

தேயின் கண்டுபிடிப்பு இன்று எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலரா குடலை அரித்துப் புண்ணாக்குவதில்லை, நஞ்சினால் நீரைச் சுரக்க வைக்கிறது என்று தெரிந்தது. குடலின் உறிஞ்சும் திறன் கெடாமல் இருக்கிறது என்பதும், சர்க்கரையோடு சேர்ந்தால் உப்பும் நீரும் உள்ளே போகும் என்பதும் வெவ்வேறு ஆய்வாளர்களால் அடுத்தடுத்துத் தெளிவாயின. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு–சர்க்கரைக் கரைசலை டிரம்மில் கலந்து, குடும்பத்தினரையே வாயில் ஊட்டச் சொன்னார். இறப்பு பலமடங்கு குறைந்தது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் வரலாறு இது. அந்தப் பொட்டலத்தின் மேல் தேயின் பெயரோ மஹலனாபிஸின் பெயரோ இல்லை. அதைக் கலந்து கொடுக்கும் தாய் எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டுவதில்லை. என் அம்மாவுக்கு 1963இல் யாராவது ஒரு சொம்பு நீரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடு என்று சொல்லியிருந்தால் என் தங்கைக்கு இப்போது 66 வயது ஆகியிருக்கும்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் மருத்துவர் என்னைத் தேடி வந்தார். அரசுப் பணியில் குழந்தை மருத்துவத்தில் உதவிப் பேராசிரியர். பதவி உயர்வு விண்ணப்பத்தில் மேற்கோள் எண்ணிக்கை கேட்கிறார்கள், எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். பார்த்துக் கொடுத்தேன், மொத்தம் ஆறு. அவர் இரண்டு ஆண்டுகள் வார்டிலேயே நின்று ஒன்றைக் கவனித்திருக்கிறார். ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டிய பொட்டலத்தைத் தாய்மார் சிலர் சிறிது சிறிதாகக் கிள்ளி டம்ளரில் போடுகிறார்கள். சிலர் முழுப் பொட்டலத்தையும் ஒரே டம்ளரில் கொட்டிவிடுகிறார்கள். எந்த வீட்டில் எப்படி, ஏன் என்று ஒவ்வொரு தாயிடமும் பேசி எழுதியிருந்தார். சொம்பின் அளவு, தண்ணீர்ப் பாட்டிலின் அளவு எல்லாம் படம் போட்டிருந்தார். நான் படித்த மிக நல்ல மருத்துவக் கட்டுரைகளில் அது ஒன்று. நேர்முகத்தில் அவரிடம் அந்த ஆய்வைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். எச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதே வாரத்தில் அவருடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. பணம் கட்டினால் எழுதி முடித்த கட்டுரையில் மூன்றாவது ஆசிரியராகப் பெயர் சேர்க்கிறோம் என்று. அதை எனக்குக் காட்டியபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது.

கட்டுரைகளின் எண்ணிக்கையையே தகுதியாக்கினால் கட்டுரைக்குச் சந்தை உருவாகும். 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும், தனி மனிதரை மதிப்பிட இதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு பிரகடனம் தயாரித்து மறு ஆண்டு வெளியிட்டார்கள். அதில் உலகெங்கும் எத்தனையோ நிறுவனங்கள் கையெழுத்திட்டன. தேர்வுக் குழுக்கள் அதைப் படிக்க வேண்டும். ஆனால் அவர்களைத் திருத்துவது இந்தக் கடிதத்தால் ஆகிற காரியம் அல்ல.

தங்களால் ஆகிற காரியம் ஒன்று உண்டு. முதல் 2 சதவீதப் பட்டியல் என்பது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் தலைமையில், ஸ்கோபஸ் தரவுத்தொகுப்பில் உள்ள மேற்கோள்களைக் கூட்டிக் கழித்து ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு. யாரும் விண்ணப்பித்து, யாரும் கட்டுரையைப் படித்துப் பார்த்துக் கொடுக்கும் விருது அல்ல. தங்கள் செய்தி அதை 'ஸ்டான்ஃபோர்டு விருது' என்று எழுதியிருந்தது. தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். இனி இத்தகைய செய்தி வரும்போது நிருபர் அந்த ஆய்வாளரிடம் கூடுதலாக இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: தாங்கள் எழுதியவற்றில் எந்தக் கட்டுரையைச் சிறந்ததாக நினைக்கிறீர்கள்? அதனால் நோயாளிக்கு என்ன மாறியது? நல்ல ஆய்வாளர் எவரும் இந்தக் கேள்விக்காக ஏங்கிக்கொண்டிருப்பார். அந்தப் பதிலுக்கு நான்கு வரி இடம் கொடுங்கள். சால்வை போர்த்தியவர்களின் பெயர்களில் இரண்டைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

நிருபர்களுக்கு மருத்துவக் கட்டுரையைப் படிக்க நேரமோ பழக்கமோ இல்லை என்றால், அந்த வேலையை நான் செய்து தருகிறேன். ஊதியம் வேண்டாம். சென்ற வாரச் செய்தியில் வந்த மருத்துவரின் கட்டுரைகளில் அவரே தேர்ந்தெடுக்கும் ஒன்றை வாங்கி அனுப்புங்கள். விளங்காத இடங்களை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு வாரத்தில் எளிய தமிழில் எழுதி அனுப்புகிறேன். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் உறையின் பின்புறம் இருக்கின்றன. அவற்றை அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவக் கல்லூரி நூலகர்,
மதுரை.